பந்து பொறுக்கிய சிறுவன் சம்பியனான வரலாறு

விளையாட்டு வீரர்களின் புகழ் பெரும்பாலும் இருபது வயதிலே மலர்ந்து முப்பதிலே வாடிவிடுவது. முப்பத்தைந்தைத் தாண்டிய ஒருவர் இன்னமும் களத்தில் நின்றால், "இவர் எப்பொழுது ஓய்வு பெறுவார்?" என்று கேட்பது உலக வழக்கம். அந்த வயதைக் கடந்த பின்னரே ஒருவர் தம் வாழ்நாளில் முதன்முறையாக இங்கிலாந்துக்குச் சென்றார். அக்காலத்தில் உலகச் சம்பியன் பட்டத்துக்கு ஒப்பாக மதிக்கப்பட்ட சுற்றுப்போட்டியில் வெற்றி வாகை சூடினார். அத்தோடு அமையாது எட்டு ஆண்டுகளில் ஏழு முறை அதே வெற்றியை ஈட்டினார். கேட்போருக்கு இது கட்டுக்கதை போலத் தோன்றலாம். ஆயினும் இது வரலாற்று உண்மை. அவர் பெயர் ஹாஷிம் கான். அவர் ஆடிய ஆட்டம் ஸ்குவாஷ்.

கிரிக்கெற்றும் உதைபந்தாட்டமும் நம்மவரிடையே பெற்றிருக்கும் இடத்தை ஸ்குவாஷ் பெற்றதில்லை. ஆகவே வீரரைப் பற்றிக் கூறுமுன், அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் பொருந்தும்.

நான்கு சுவர்களுக்குள்ளே

ஸ்குவாஷ் ஆட்டம் 19ஆம் நூற்றாண்டில், இலண்டன் நகருக்கு அணித்தாயுள்ள ஹரோ என்னும் பாடசாலையில் தோன்றியது. நாற்புறமும் சுவர் சூழ்ந்த ஓர் அறையே ஆடுகளம். அதன் நீளம் 32 அடி. அகலம் 21 அடி. ரெனிஸ் ஆட்டத்தில் இருவரும் வலைக்கு இருபுறமும் எதிரெதிரே நிற்பர். ஸ்குவாஷில் வலை இல்லை. இருவரும் ஒரே பக்கத்தில், தோளோடு தோள் உரசுமளவுக்கு அருகருகே நின்று, முன்சுவரை நோக்கி மாறிமாறிப் பந்தை அடிப்பர். பந்து, உள்ளே வெறுமையான சிறு றப்பர்ப் பந்து. அது தரையில் இருமுறை பட்டெழுவதற்கு முன் திருப்பியடிக்கத் தவறியவர் தோற்றவராவர்.

கேட்பதற்கு எளிதாயினும் ஆடுவதற்கு இதனிலும் கடினமான ஆட்டங்கள் சிலவே. முன்மூலையிலிருந்து பின்மூலைக்கும், பின்மூலையிலிருந்து எதிர்மூலைக்கும் இடையறாது ஓடவேண்டும். கையின் வலிமை மட்டும் போதாது; கால்களும் மூச்சும் கண்ணும் ஒருங்கே உழைக்கவேண்டும். பழைய முறைப்படி ஒன்பது புள்ளிகளை முதலில் எடுத்தவரே ஒரு சுற்றை வென்றவராவர். பந்தைத் தொடக்கி அடிக்கும் உரிமை யாரிடம் உள்ளதோ, அவர் மட்டுமே புள்ளி பெறலாம். ஐந்து சுற்றுக்களில் மூன்றை வென்றவருக்கே ஆட்டம் உரியது. இவ்விதியை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் வரும் ஒரு வெற்றியின் அருமையை உணர அது உதவும்.

நவாகிலே என்னும் சிற்றூர்

கைபர் கணவாய்க்கு அண்மையில் உள்ள பெஷாவர் நகரம் பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் பெரியதொரு படைத்தளமாக விளங்கியது. படை உத்தியோகத்தர்கள் இருந்த இடத்தில் அவர்களுக்கெனக் கழகமும், கழகம் இருந்த இடத்தில் விளையாட்டுக் களங்களும் அமைந்திருந்தன. நகருக்கு அருகிலுள்ள நவாகிலே என்னும் பதான் கிராமத்தவர் பலர் இக்கழகத்திலே தொழில் செய்து பிழைத்தனர். அவர்களுள் ஒருவர் அப்துல்லா கான். உத்தியோகத்தர் கழகத்தில் பணியாளரின் தலைவராக அவர் கடமையாற்றினார். அவருடைய மைந்தரே ஹாஷிம்.

ஹாஷிம் பிறந்த திகதியை எவரும் எழுதிவைக்கவில்லை. 1914ஆம் ஆண்டென்று பொதுவாகக் கொள்வர்; 1910 என்பாரும் உளர். பிறந்தநாள் கொண்டாடும் வழக்கமோ பதிவு செய்யும் வழக்கமோ இல்லாத எளிய குடும்பம் அது. தந்தை தம் மகனைச் சிறுவயதிலேயே கழகத்துக்கு அழைத்துச் சென்று ஆட்டத்தைக் காட்டினார். ஆனால் ஹாஷிமுக்குப் பன்னிரண்டு வயதளவில் தந்தை மோட்டார் விபத்தொன்றில் இறந்தார். குடும்பச் சுமை சிறுவனின் தோளில் விழுந்தது. பாடசாலைப் படிப்பு அத்துடன் முடிந்தது. கழகத்துக் களங்களைத் துப்புரவு செய்வதும், பந்து பொறுக்குவதுமே இனி அவன் தொழிலாயின.

அக்களங்களுக்குக் கூரை கிடையாது. தரை கரடுமுரடானது. உத்தியோகத்தர்கள் ஓங்கி அடிக்கும்போது பந்து சுவருக்கு மேலாகப் பறந்து வெளியே விழும். அதை ஓடிப்போய் எடுத்து மீளவும் உள்ளே எறிவதற்கே பையன்கள் நிறுத்தப்பட்டிருந்தனர். களத்தினுள்ளே இறங்கி ஆடுவது அவர்களுக்கு உரியதன்று. அது துரைமாரின் ஆட்டம்.

நண்பகல் வெயிலிலே கற்ற கல்வி

பெஷாவர் நகரின் கோடை கொடியது. நண்பகலில் வெப்பம் நூறு பாகையைத் தாண்டி எரிக்கும். அவ்வேளையில் உத்தியோகத்தர்கள் களத்தை விட்டு நிழலை நாடிச் செல்வர். களம் வெறுமையாகக் கிடக்கும். பந்து பொறுக்கும் சிறுவனுக்கு உரிய நேரம் அதுவே. காலிலே சப்பாத்தில்லை. உடைந்த மட்டையும் பழம்பந்துமே கைக்கெட்டிய கருவிகள். ஆடுவதற்குத் துணையில்லாதபோது அவன் தனக்குத் தானே எதிராளியானான். வலப்புறம் நின்று ஒரு பந்தை அடிப்பான். ஓடிச் சென்று இடப்புறத்திலிருந்து அதனைத் திருப்புவான். ஒரு பக்கத்தில் ஒரு ஹாஷிம். மறுபக்கத்தில் இன்னொரு ஹாஷிம். வென்றவனும் அவனே, தோற்றவனும் அவனே.

ஏகலைவன் கதையை நம் பிள்ளைகள் அறிவர். அவனுக்கு மண்ணாற் செய்த துரோணர் ஒருவராவது முன்னே இருந்தார். இச்சிறுவனுக்கோ அதுவும் இல்லை. சுவரே அவனுக்கு ஆசான். சுவர் முகம் பார்ப்பதில்லை, குலம் கேட்பதில்லை. சரியாக அடித்தால் பந்தைச் சரியாகத் திருப்பித் தரும். பிழையாக அடித்தால் பிழையையே திருப்பித் தரும். உத்தியோகத்தர்கள் ஆடும்போது உற்றுப் பார்த்தது ஏட்டுக் கல்வி என்றால், வெயிலில் தனியே ஆடியது செய்முறைக் கல்வி எனலாம். பிற்காலத்தில் உலகம் வியந்த அவருடைய விரைவும், பந்தைவிட்டுக் கணமும் அகலாத கண்ணும் இங்கேதான் உருவாயின.

காத்திருந்த காலம்

திறமை இருந்தால் உயர்வு தானாக வந்தடையும் என்பது மேடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஹாஷிமின் வாழ்வு அதனை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் பந்து பொறுக்கத் தொடங்கியது 1920களில். பெஷாவரில் விமானப் படை உத்தியோகத்தர்களுக்கு ஸ்குவாஷ் பயிற்றுநராக நியமனம் பெற்றது 1942இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம், ஒரு விளையாட்டு வீரனுடைய உடல் முழுவலிமையோடு இருக்கும் காலம், சுற்றுப்போட்டி எதனையும் காணாமலே கழிந்தது.

அக்காலத்தில் 'தொழில்முறை வீரர்' என்னும் பெயர் இன்றுபோற் புகழும் பொருளும் தரும் பெயராக இருக்கவில்லை. கழகத்து அங்கத்தவர்களுக்கு ஆட்டம் பழக்கிக் கூலி பெறும் பணியாளன் என்பதே அதன் பொருள். பொழுதுபோக்காக ஆடியவர் கனவான். கூலிக்கு ஆடியவர் ஏவலாளர். இருவரும் ஒரே களத்தில் வியர்வை சிந்தினும், களத்துக்கு வெளியே ஒரே மேசையில் அமர்வதில்லை.

1944இல் பம்பாயில் அகில இந்தியச் சம்பியன் போட்டி நடந்தது. ஹாஷிம் அதிற் கலந்துகொண்டார். அப்போது அவருக்கு முப்பது வயதளவு. அப்துல் பாரி என்பவர் அக்காலத்தில் பெயர்பெற்ற ஆட்டக்காரர், ஹாஷிமின் உறவினருங்கூட. அவரை வென்று ஹாஷிம் பட்டத்தைப் பெற்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அதனைத் தக்கவைத்துக்கொண்டார்.

1947இல் இந்தியா பிரிவினை அடைந்தது. பாரி இந்தியாவில் தங்கினார். ஹாஷிமின் ஊர் பாகிஸ்தானுக்குள் அடங்கியது. 1949இல் ஹாஷிம் பாகிஸ்தானின் முதலாவது சம்பியனானார். மறு ஆண்டு, 1950இல், பாரி இந்தியாவின் சார்பில் இங்கிலாந்துக்குச் சென்று பிரித்தானியப் பகிரங்கப் போட்டியின் இறுதியாட்டம் வரை முன்னேறி, எகிப்திய வீரர் மஹ்மூத் கரீமிடம் தோற்றார். அச்செய்தி பெஷாவரை எட்டியபோது ஹாஷிமின் உள்ளத்தில் ஒரு தீ மூண்டது. தாம் பலமுறை தோற்கடித்த ஒருவர் உலகின் இரண்டாம் இடத்தை அடைந்திருக்கிறார் என்றால், தமக்குரிய இடம் எது? அழுக்காறு என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. தன் ஆற்றலின் அளவை ஒருமுறையாவது அறிந்துவிட வேண்டும் என்ற நியாயமான தாகம் அது. பாகிஸ்தான் அரசாங்கமும், சிறப்பாக அதன் விமானப் படையும், அத்தாகத்தைத் தணிக்க முன்வந்தன.

இலண்டன், 1951

முப்பத்தேழு வயதளவில் ஹாஷிம் இங்கிலாந்தில் இறங்கினார். வழுக்கைத் தலை, ஐந்தரை அடியிலும் குறைந்த உயரம், அகன்ற மார்பு. இவர் கரீமுக்கு எதிராக நிற்கத் தக்கவர் என்று பார்த்தவுடன் எவரும் சொல்லியிருக்க மாட்டார். கரீமோ உயர்ந்த உருவமும் ஒயிலான ஆட்டமும் உடையவர்; 1947 முதல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பட்டத்தை வைத்திருந்தவர்.

முதலில் ஸ்கொத்லாந்துப் பகிரங்கப் போட்டி நடந்தது. அதன் இறுதியாட்டத்தில் ஹாஷிம் கரீமை வென்றார். அது தற்செயல் என்று எண்ணியோர் பிரித்தானியப் பகிரங்கப் போட்டியை எதிர்பார்த்திருந்தனர். அங்கும் இறுதியாட்டத்தில் அவ்விருவருமே சந்தித்தனர். முதற்சுற்று 9-5. இரண்டாம் சுற்று 9-0. மூன்றாம் சுற்றும் 9-0. நான்கு ஆண்டுகளாக அசைக்க முடியாதிருந்த சம்பியன் கடைசி இரு சுற்றுக்களிலும் ஒரு புள்ளிதானும் பெறவில்லை. பந்தைத் தொடக்கி அடிக்கும் உரிமை கைக்கு வந்தபோதெல்லாம், புள்ளி சேருமுன் அது பறிபோயிற்று. கரீம் எந்த மூலையில் பந்தை இட்டாலும் அங்கே ஹாஷிம் முன்பே வந்து நின்றார். நண்பகல் வெயிலில் தன் பந்தைத் தானே துரத்திய கால்கள் அல்லவா அவை!

அடுத்த ஆண்டு மீண்டும் கரீமை வென்றார். 1953, 1954, 1955, 1956 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் அவருக்கே. 1957இல் தம் உறவினர் ரோஷான் கானிடம் இறுதியாட்டத்தில் தோற்றார். "இனி முடிந்தது" என்று உலகம் சொல்லியிருக்கக்கூடிய வயது அது. 1958இல் திரும்பி வந்து, நாற்பத்து நான்கு வயதளவில், ஏழாவது முறையும் வென்றார்.

தம்பியே எதிராளி

இவ்வெற்றிகளிலும் சிறந்ததாக நான் கருதுவது ஒன்றுண்டு. ஹாஷிமின் இளவல் அசாம் கான் ரெனிஸ் பயிற்றுநராகத் தொழில் பார்த்து வந்தவர். சம்பியனாகி ஊர் திரும்பிய தமையனார் அவரை ஸ்குவாஷுக்கு அழைத்துத் தாமே பயிற்றினார். பரிசு பெறுபவர் ஒருவரே என்ற நிலையில், தமக்கு நிகரான ஒருவரைத் தம் கையாலேயே உருவாக்குதல் எல்லோராலும் இயலுவதன்று. 1954, 1955, 1958 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிரித்தானியப் பகிரங்கப் போட்டியின் இறுதியாட்டத்தில் தமையனும் தம்பியும் எதிரெதிரே நின்றனர். பின்னர் 1959 முதல் 1962 வரை நான்கு ஆண்டுகள் அசாம் தாமே சம்பியனானார். 1962இல் மகனை இழந்த துயரமும், குதிகால் நரம்பில் ஏற்பட்ட காயமும் அவருடைய போட்டி வாழ்வை முடிவுக்குக் கொண்டுவந்தன. இலண்டனிலேயே தங்கிப் பலருக்கும் ஆட்டம் கற்பித்த அசாம், 2020 மார்ச்சில், தொண்ணூற்றைந்து வயதளவில், கொரோனாத் தொற்றினாற் காலமானார்.

1963இல் ஹாஷிமின் மருமகன் முறையான மொஹிபுல்லா கான் பட்டம் பெற்றார். ஆக, 1951 முதல் 1963 வரை பதின்மூன்று ஆண்டுகள் அப்பெரும்பட்டம் நவாகிலே மண்ணைச் சேர்ந்த நால்வரை விட்டு வெளியே செல்லவில்லை. பின்னர் ரோஷானின் மைந்தர் ஜஹாங்கீர் கான் 1982 முதற் பத்து ஆண்டுகளும், அதே ஊரவரான ஜான்ஷேர் கான் 1992 முதல் ஆறு ஆண்டுகளும் தொடர்ந்து வென்றனர். ஒரு சிற்றூர், இருபத்தொன்பது பட்டங்கள். அவ்வாற்றின் ஊற்று, பாடசாலையை விட்டுப் பந்து பொறுக்கச் சென்ற ஒரு சிறுவன்.

புதிய நாடு, புதிய ஆட்டம்

ஐக்கிய அமெரிக்காவில் அக்காலத்து ஸ்குவாஷ் வேறு வகையினது. களத்தின் அகலம் பதினெட்டரை அடியே. பந்து கடினமானது, வேகம் மிக்கது. புள்ளிக் கணக்கும் வேறு. 1954இல் நடந்த முதலாவது அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் இறுதியாட்டத்தில் ஹாஷிம், ஹென்றி சலோன் என்ற அமெரிக்க வீரரிடம் தோற்றார். உலகச் சம்பியன் என்ற பெருமையோடு சென்றவர் நாற்பது வயதில் மீண்டும் மாணாக்கரானார். அப்பந்தின் இயல்பையும் அக்களத்தின் கோணங்களையும் புதிதாகக் கற்றார். 1956, 1957, 1963 ஆகிய ஆண்டுகளில் அதே போட்டியில் வெற்றி பெற்றார். கனடாவின் பகிரங்கப் பட்டத்தையும் மூன்று முறை தமதாக்கினார்.

1960களின் தொடக்கத்தில் டெற்றோயிற் நகரத்துக் கழகமொன்று அவரைப் பயிற்றுநராக அழைத்தது. குடும்பத்துடன் அங்கே குடியேறினார். பின்னர் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்கு மாறி, அங்குள்ள கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார். அவர் பெற்ற பிள்ளைகள் பன்னிருவர். மைந்தர் பலர் தந்தையின் தொழிலையே பின்பற்றினர். மூத்த மைந்தர் ஷரீப் கான் வட அமெரிக்கப் பகிரங்கப் பட்டத்தைப் பன்னிரண்டு முறை வென்றார்.

போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் ஹாஷிம் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. முதியோருக்கான பிரிவுகளில் ஆடினார். தொண்ணூறை எட்டிய காலத்திலும் மட்டையைக் கைவிடவில்லை. கற்க வந்தோரிடம் அவர் திரும்பத் திரும்பச் சொல்லியது, பந்திலிருந்து கண்ணை எடுக்கலாகாது என்ற ஒன்றையே. 2014ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆந் திகதி கொலராடோவில் அவர் காலமானார். நூறாண்டு வாழ்ந்தார் என்பது குடும்பத்தாரின் கணக்கு.

நாம் எண்ணவேண்டியது

இவ்வரலாற்றைப் படிப்போர், "முயற்சி திருவினையாக்கும்" என்ற முடிவோடு பத்திரிகையை மடித்து வைத்துவிடலாம். அம்முடிவு பிழையன்று, ஆனால் அது பாதி உண்மை.

ஹாஷிம் முயன்றார் என்பதில் ஐயமில்லை. காலம் தாழ்ந்தது என்று அவர் கைகட்டி இருக்கவில்லை. யாரும் பார்க்காத காலத்தில் செய்த பயிற்சியே, யாவரும் பார்த்த நாளில் அவரைத் தாங்கியது. முப்பது வயதில் உத்தியோகம் கிடைக்கவில்லையே என்று சோரும் இளைஞரும், பிள்ளைகளை வளர்த்துவிட்ட பின் படிப்பதற்குக் காலம் கடந்துவிட்டதே என்று ஏங்கும் தாய்மாரும் அவர் வாழ்விலிருந்து தேறுதல் கொள்ளலாம். கற்றது ஒருநாளும் கெடுவதில்லை. பயன்படும் வேளைக்காக அது உள்ளே காத்திருக்கும்.

மற்றப் பாதி உண்மை கசப்பானது. அந்தக் களத்தின் வெளியே நின்ற பையன் ஹாஷிம் ஒருவன் மட்டுமல்லன். எத்தனையோ கழகங்களில் எத்தனையோ சிறுவர்கள் பிறர் அடித்த பந்துகளைப் பொறுக்கி வாழ்நாளைக் கழித்தனர். ஹாஷிமுக்கு உத்தியோகம் கிடைத்தது. நாடு துணை நின்றது. பாரியின் பயணம் ஒரு தூண்டுகோலாயிற்று. இவற்றுள் ஒன்று தவறியிருப்பினும், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் பெஷாவரில் ஒரு களங்கூட்டியாகவே முதுமை எய்தியிருப்பார். இழந்தது இன்னதென்று உலகமும் அறிந்திராது. அவருடைய பொறுமையைப் புகழும் நாம், அவரை அத்தனை ஆண்டுகள் பொறுத்திருக்க வைத்த ஏற்பாட்டையும் சேர்த்துப் புகழ்ந்துவிடலாகாது. ஆசிரியரும் பெற்றோரும் சிறப்பாக இதனைச் சிந்தித்தல் வேண்டும். வகுப்பறையின் முன்வரிசையில் இருப்பவனை எல்லோரும் காண்பர். கதவோரத்தில் நிற்பவனைக் காண்பதற்கே கண் வேண்டும்.

ஸ்குவாஷ் ஆட்டத்துக்கும் அவ்வாறே நெடுங்காலம் கதவோரம்தான் கிடைத்தது. ஒலிம்பிக் விழாவில் இடம் தேடி அது பலமுறை வேண்டிநின்று வெறுங்கையோடு திரும்பியது. 2028ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் விழாவில் அதனைச் சேர்ப்பதென 2023 ஒக்ரோபரிலே முடிவாயிற்று. அம்முடிவு எடுக்கப்பட்ட நகரம் மும்பாய்; 1944இல் ஹாஷிம் தம் முதற்பட்டத்தை வென்ற அதே பம்பாய் மாநகரம். அச்செய்தியைக் கேட்க ஹாஷிம் இருக்கவில்லை. ஆயினும் அவர் அந்நகரில் ஆடிய ஆட்டத்துக்கும் இம்முடிவுக்கும் இடையிலுள்ள நெடுவழியிலே, நவாகிலே வீரர்களின் காலடிகள் அழுத்தமாகவே பதிந்திருக்கின்றன.